யானை நிற்பதற்குக் கல்தளமா, செம்மண்ணா?

செட்டிநாட்டுக் கோயில்களில் கருங்கல் தளத்துக்குக் குறைவில்லை. மதிலுக்கு வெளியே செம்மண்ணுக்கும் குறைவில்லை. யானையை எங்கே கட்டுவது என்பதை அதன் பாதத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

யானையின் கால் எலும்புகள் தூண்போல் நேராக அடுக்கப்பட்டவை. விரல் எலும்புகளோ, உள்ளே நுனிக்காலில் நிற்பதுபோல் சாய்ந்திருக்கும். அவற்றுக்குப் பின்னால் உள்ள கொழுப்புத் திண்டுதான் எடையை வாங்கிப் பரப்புகிறது. 3,000 கிலோ எடையுள்ள யானையின் முன்கால்கள் மட்டும் ஏறக்குறைய 1,800 கிலோவைத் தாங்குகின்றன. ஊன்றும்போது பாதம் விரியும், தூக்கும்போது சுருங்கும். நடந்தால்தான் இது நடக்கும். ஒரே இடத்தில் நிற்கும் யானைக்கு இல்லை.

கல்தளத்தைக் கழுவுவது எளிது. அவ்வளவுதான் அதன் சிறப்பு. கல் அமுங்காததால் நகத்துக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கூடுகிறது. நீர் வடியும் வாட்டம் சரியில்லாவிட்டால் மூத்திரம் தேங்கி, உள்ளங்கால் ஊறி வெடிக்கும். வெடிப்பில் சாணம் புகுந்தால் நகக்கண்ணில் சீழ் பிடிக்கும். முற்றினால் எலும்புவரை போகும். ஆத்தங்குடிக் கல் எனப்படும் சிமெண்டுத் தரை ஓடு போன்ற வழவழப்பான தரை இன்னும் மோசம், ஈரத்தில் வழுக்கும்.

செம்மண் பாதத்துக்கு இடம்கொடுக்கும், நகத்தையும் ஓரளவு தேய்த்துவிடும். ஆனால் கோடையில் இறுகிவிடும். கொத்திக் கிளறி மணல் கலக்க வேண்டும். நனைந்த மண்ணை அன்றே அள்ளிப் புதுமண் போட வேண்டும். ஓரமாக மணல்மேடு இருந்தால் யானை சாய்ந்து படுக்கும், எழுவதும் எளிது.

எங்கள் தேர்வு செம்மண்தான். கல்தளம் குளிப்பாட்டவும், தினமும் பாதத்தைத் தேய்த்துக் கழுவிப் பார்க்கவும் போதும்.