வார்ப் குமிழியா, புழுத்துளையா?

ஒளியைவிட விரைவாகத் தொலைதூர விண்மீன்களை எட்ட இயற்பியல் கோட்பாட்டில் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. 1994இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேர் முன்வைத்த வார்ப் குமிழியில், முன்னால் உள்ள வெளி சுருங்க, பின்னால் உள்ளது விரிய, நடுவிலிருக்கும் குமிழி கப்பலோடு நகர்கிறது, உள்ளே இருப்பவருக்கு முடுக்கம்கூடத் தெரியாது. அழகான யோசனை. ஆனால் ஒளியை மிஞ்சியபின் கப்பலிலிருந்து அனுப்பும் எந்தச் சமிக்ஞையும் குமிழியின் முன்சுவரை எட்டாது, அப்புறம் எப்படித் திருப்புவது, எப்படி நிறுத்துவது?

1988இல் மைக்கேல் மோரிஸும் கிப் தோர்னும் கணக்கிட்டுக் காட்டிய புழுத்துளையில், அதாவது விண்வெளியின் இரு தொலைதூர இடங்களை இணைக்கும் குறுக்குவழிச் சுரங்கத்தில், இந்தச் சிக்கல் இல்லை, சாதாரண வேகத்திலேயே கடந்துவிடலாம். சரி, மறுவாய் நாம் போக வேண்டிய இடத்தில் ஏற்கெனவே இருந்தாக வேண்டுமே!

எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தில் இருப்பதைவிடவும் குறைவான ஆற்றல், இரண்டுக்கும் வேண்டும், மிக நெருக்கமான இரு உலோகத் தகடுகளுக்கிடையே தோன்றும் காசிமிர் விளைவில் கிடைப்பதோ மிகச் சொற்பம். ஆனாலும் நான் புழுத்துளைப் பக்கம்தான். நிறுத்த முடியாத கப்பலில் யாரையும் ஏற்ற மனசு வரவில்லை.