மாணவர் த்ரில்லர்: ட்ரெய்லரா, போஸ்டரா?

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் த்ரில்லர் குறும்படம் எடுக்கும் மாணவர்கள் பலரும் ட்ரெய்லருக்கு உயிரைக் கொடுப்பார்கள். போஸ்டரைக் கடைசி ராத்திரியில் அவசரமாக முடிப்பார்கள்.

ட்ரெய்லருக்குக் கையில் நேரம் இருக்கிறது. முதலில் நிதானமான ஷாட்கள், போகப் போகச் சின்னச் சின்ன வெட்டுகள், உச்சத்தில் கறுப்புத் திரை, அப்புறம்தான் தலைப்பு. இந்த வழக்கத்தில் பாதி வேலை ஒலிக்குத்தான். விடியற்காலைத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம் ஏறிக்கொண்டே போகட்டும், சட்டென்று நிறுத்துங்கள். இரவல் பின்னணி இசை தராத பயத்தை அந்த அமைதி தரும்.

போஸ்டருக்குக் கிடைப்பது ஒரே பார்வை. நிழலில் பாதி முகம், கறுப்பு, சிவப்பு, மிரட்டும் ஒரு வரி, கீழே பெயர்கள். சரி, த்ரில்லர் என்று புரியும். எந்த ஊர்க் கதை என்று தெரியாது. அதற்காகக் கத்தியும் ரத்தமும் போட்டால் இன்னும் மோசம். வடசென்னை என்றாலே ரவுடி என்ற பழியை நம் பிள்ளைகளே சுமக்க வேண்டுமா? எண்ணூர் புகைபோக்கிகளைப் பார்த்து, முதுகு காட்டி நிற்கும் ஒரு பள்ளிச் சீருடை போதும். யார், ஏன் என்ற கேள்வி தானாக எழும்.

என்னைக் கேட்டால் போஸ்டரைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அந்த ஒற்றைப் படத்தைத் தேடும்போதுதான் கதையின் மர்மம் எது என்று குழுவுக்கே தெளிவாகும்.