கேபிள் உறைக்கு எது தகும்: ஹாலஜனா, ஹைட்ராக்சைடா, நானோ களிமண்ணா?

கட்டடத் தீ விபத்துகளில் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது சுடரன்று, புகையே. அந்தப் புகையைப் பெருக்குவதில் சுவருக்குள்ளும் பொய்க்கூரைக்கு மேலும் கட்டுக்கட்டாகச் செல்லும் மின்கேபிள்களின் பிளாஸ்டிக் உறைக்கும் பங்குண்டு. உறையில் எதைக் கலந்தால் தீ அடங்கும் என்பதற்கு இன்று மூன்று விடைகள் இருக்கின்றன.

முதலாவது, புரோமின், குளோரின் போன்ற ஹாலஜன் தனிமங்களின் சேர்மங்கள். சுடருக்குள் நிகழும் சங்கிலி வினையைப் புரோமின் இடையிலேயே அறுத்துவிடுவதால் சிறிதளவு சேர்த்தாலே போதும்; விலையும் கட்டுக்குள் நிற்கும். ஆனால் புரோமின் சேர்மங்கள் பல மண்ணிலும் உடலிலும் அழியாமல் தங்குபவை என்பதால், அத்தகைய அழியா மாசுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இலும் 2017-இலும் அவற்றுள் சிலவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. பி.வி.சி. உறைக்குள் இருப்பது குளோரின். அது எரியும்போது எழும் ஹைட்ரஜன் குளோரைடு, கண்ணின் ஈரத்தில் பட்டவுடனேயே அமிலமாகிறது. வாசலைத் தேடி ஓடுகிறவருக்குக் கண்ணைத் திறக்கவே முடியாமல் போகிறது. இந்த ஒரு காரணமே எனக்கு இதை நிராகரிக்கப் போதுமானது.

இரண்டாவது, அலுமினியம் ஹைட்ராக்சைடு. சுமார் 200 டிகிரி செல்சியஸில் சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீராவியாக விட்டு, வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நச்சு வாயு எதையும் வெளியிடாது. உறையின் எடையில் 60 சதவீதம் வரை இதைத் திணிக்க வேண்டியிருப்பதே இதன் குறை. அவ்வளவு தூள் சேர்ந்த உறை விறைத்துப்போகிறது. கூர்மையாக வளைக்கும்போது வெடிப்பு விடுகிறது.

மூன்றாவதான நானோ களிமண்ணைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மான்ட்மோரிலோனைட் என்னும் இந்தக் களிமண்ணின் ஒவ்வோர் ஏடும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன் கொண்டது. 1980-களில் ஜப்பானில் டொயோட்டா ஆய்வகத்தார் நைலானுக்கு வலுவூட்டவே இதைக் கலந்தார்கள். பின்னர் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் அந்த நைலானை எரித்துப் பார்த்தபோது, 5 சதவீதக் களிமண்ணே வெப்பம் வெளிப்படும் வேகத்தின் உச்சத்தை 63 சதவீதம் குறைத்திருந்தது. வெறும் நைலான் உருகிக் கொதித்து முற்றாக எரிந்துவிடும். களிமண் கலந்ததிலோ மேற்பரப்பில் கரிய பொருக்கு படர்ந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக்கிற்கு வெப்பம் எட்டாமலும் அதிலிருந்து எரிவாயு விரைந்து வெளியேறாமலும் தடுக்கிறது.

ஆனால் தீயின் வேகம் குறைகிறதே தவிர, தீ அணைவதில்லை. வெளிப்படும் மொத்த வெப்பம் ஏறக்குறைய அதேதான். களிமண் ஏடுகளைப் பிரித்துப் பிளாஸ்டிக்கில் பரவச் செய்யச் சேர்க்கும் கரிம உப்பு சூட்டில் முன்கூட்டியே சிதைவதால், சில கலவைகள் சற்று விரைவாகவே பற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே ஹைட்ராக்சைடை அகற்றிவிட்டு அதன் இடத்தில் களிமண்ணை மட்டும் வைப்பது தவறு.

இரண்டையும் சேர்ப்பதே என் தேர்வு. பெல்ஜியத்தின் காபெல்வெர்க் ஆய்பன் நிறுவனம் எத்திலீன் வினைல் அசிடேட் என்னும் பிளாஸ்டிக் உறையில் ஹைட்ராக்சைடுடன் சிறிதளவு நானோ களிமண்ணைக் கலந்து கேபிளே தயாரித்துக் காட்டியது. நீராவி சுடரைக் குளிர்விக்க, உதிராத கெட்டிப் பொருக்கு உறை உருகிச் சொட்டாமல் பிடித்துக்கொள்கிறது. சுரங்க ரயில் நிலையம், மருத்துவமனை போன்று மக்கள் வெளியேற நேரம் பிடிக்கும் இடங்களுக்கு இதுவே பொருந்தும்.

கார்பன் நானோகுழாய்கள் எனப்படும் மிக நுண்ணிய கரிக்குழல்களும் இதே பொருக்கை உண்டாக்கும், எனினும் எம்.டபிள்யூ.சி.என்.டி.-7 என்ற வகையை மனிதருக்கு ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பிறகு, கலவைக்கூடத் தொழிலாளியின் நுரையீரலை எண்ணிப் பார்க்காமல் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

வாங்குபவர் கேட்டறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஏடுகள் பிரியாமல் அடுக்காகவே தங்கிவிட்டால், அதே 5 சதவீதக் களிமண்ணும் சாதாரண மண்தூளாகவே கிடக்கும். எனவே உறையில் நானோ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், மாதிரியை எரித்து வெப்பம் வெளிப்படும் வேகத்தை அளக்கும் கோன் கலோரிமீட்டர் கருவியில் அந்தக் கலவைக்குக் கிடைத்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி, உச்சம் உண்மையில் தணிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.