68,500 ரூபாய்க்கு வாங்கின ‘காஸ் மிக்’ மெசினில காஸ் போக வழியே இல்லை: கவனம்

ரிங்கர் வேலை செய்யிற ஆக்கள், வீட்டில பழைய கார் திருத்துற ஆக்கள், எல்லாரும் தயவுசெய்து வாசியுங்கோ. இணையத்தில வெல்டிங் சாமான் விக்கிற ஒரு பக்கத்தை நம்பி, ‘காஸ் மிக்’ எண்ட மெசினுக்கு (காஸ் விட்டுக்கொண்டு, வயர் தானா ஓடி ஒட்டுற வெல்டிங் மெசின்) 68,500 ரூபாய் போச்சு. பெட்டி வந்து அஞ்சு நாள்தான். மெல்லிய தகரத்தை ஓட்டை விழாமல் ஒட்டுறது எப்பிடி எண்டு கடைசியில சொல்லுறன், முதல்ல இதைக் கேளுங்கோ.

வேலை ஒரு மொறிஸ் மைனர் காரின்ர கதவுக்குக் கீழ்ப் பக்கம். உப்புக்காத்து அரிச்ச தகரத்தை நல்ல இரும்பு வாற இடம் மட்டும் வெட்டி எறிஞ்சு, 0.9 மில்லிமீற்றர் துண்டு வைக்கவேணும். அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு தடிப்புக்கு ஒரு அம்பியர் எண்டதுதான் தொழில் கணக்கு. 0.9 மில்லிமீற்றர் அப்பிடி 35 பங்கு, அதுக்கு 35 அம்பியர் போதும். அதாலதான் வாங்க முதல் மூண்டே மூண்டு கேள்வி கேட்டது: 30 அம்பியருக்கு இறங்குமா, 0.6 மில்லிமீற்றர் வயர் ஓடுமா, காஸ் போடலாமா.

வந்த பதில் இது: “அண்ணை, 30க்கும் இறங்கும். 0.6க்கு வி வெட்டு ரோலர் பெட்டிக்குள்ளயே இருக்கு. காஸோடயும் ஓடும், காஸ் இல்லாமலும் ஓடும். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.” நம்பினது இந்த இடத்திலதான். வி வெட்டு ரோலர் (வயரைத் தள்ளுற, ‘வி’ மாதிரிப் பள்ளம் வெட்டின உருளை) எண்டு தொழில் தெரியாதவன் சொல்லமாட்டான் எண்ட நினைப்பு. அதோட ஒரு வீடியோவும் அனுப்பினவன். மெல்லிய தகரத்தில ஒட்டு வெள்ளையாப் பளபளக்குது, கசடு ஒரு துளி இல்லை, திருப்பிக் காட்டினால் பின்பக்கம் நேரா ஒரு நீலக்கோடு. அருமையான ஒட்டு. அது வேற மெசினின்ர ஒட்டு எண்டு இப்பதான் விளங்குது.

20,000 முதல்லயே வங்கியில போட்டது. மிச்சம் 48,500 கூரியர்காரரிட்டக் குடுத்தது. காசு குடுக்காமல் பெட்டி உடைக்க விடமாட்டினம்.

பக்கமூடியைத் திறந்து பாத்தால், கன்னின்ர (கையில பிடிச்சு ஒட்டுற துப்பாக்கி) கரண்ட் வயர் நேரா மைனஸில முறுக்கிக் கிடக்கு. மாத்திப் பூட்ட இரண்டு முனை இல்லை. காஸ் போட்டு வெறும் வயர் ஓட்டினால் கன் பிளஸில இருக்கவேணும், பிளக்ஸ் வயருக்குத்தான் (உள்ளுக்குப் பொடி அடைச்ச, காஸ் தேவையில்லாத வயர்) மைனஸ். மாத்த ஏலாட்டி அது பிளக்ஸுக்கு மட்டும் செய்த மெசின். பின்பக்கம் காஸ் குழாய் பூட்டிற இடத்தில ஒரு கறுப்பு பிளாஸ்ரிக் மூடி. நெம்பி எடுத்தால் பின்னால குழாயும் இல்லை, வால்வும் இல்லை, வெறும் ஓட்டை. அதுக்கு மேல ‘காஸ்’ எண்டு ஸ்ரிக்கர் மட்டும் வடிவா ஒட்டியிருக்கு. ரோலர் பல்லு வெட்டினது, 0.8, 0.9 எண்டு அடிச்சிருக்கு. 0.6ஐக் கண்ணிலயும் காணேல்லை.

ஆகக் குறைஞ்ச நிலையில வைச்சு கிளாம்ப் மீற்றர் பிடிச்சால் 62 அம்பியர். வேண்டியதில கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! துண்டுத் தகரத்தில வைச்ச கையோட ஒரு ரூபாய்க் குற்றி அளவில ஓட்டை. ஓட்டையின்ர விளிம்பு இன்னும் மெல்லிசாகிச் சிவந்து நிக்கும், அதை நிரப்பப் போனால் அது இன்னும் பெருக்கும்.

பிறகு துடங்கிச்சுது அவங்கட சாட்டு. முதல் நாள் “உங்கட வீட்டு வோல்ற்றேஜ் குறைவு.” அளந்து 228 எண்டு படம் அனுப்பினது. அடுத்த நாள் “கையை வேகமா இழுங்கோ.” 62 அம்பியரில வேகமா இழுத்தால் ஒட்டு நூல் மாதிரி மேல கிடக்கும், கை ஒருக்கால் தயங்கினால் ஓட்டை. பிறகு “புள்ளி புள்ளியா வையுங்கோ.” பிளக்ஸில ஒவ்வொரு புள்ளியும் கசடு மூடி ஆறும். அதைத் தட்டி எடுத்து, வயர் நுனியில திரண்ட குண்டை நறுக்கினால்தான் அடுத்த புள்ளி பத்தும். முழுப்பக்கமும் அப்பிடிச் செய்யிறதோ? கடைசியில “பெட்டி உடைச்ச சாமான் திருப்பி எடுக்கிறேல்லை அண்ணை.” உடைக்காமல் எப்பிடியடா தம்பி பாக்கிறது? அதோட நம்பரைத் தடுத்திட்டான், பக்கத்தில எழுதின கருத்தையும் அழிச்சாச்சு. 68,500 ரூபாய். ஒரு ரிங்கர் பெடியன் இதை மிச்சம் பிடிக்க எத்தினை மாசம் செல்லும்!

மெசின் வாங்கிறதெண்டால் பின்பக்கப் படமும், பக்கமூடி திறந்த படமும் கேளுங்கோ. பிளஸ் மைனஸ் மாத்த இரண்டு முனை தெரியவேணும். ஆகக் குறைஞ்ச அம்பியரைத் தகட்டில அடிச்சபடி காட்டச் சொல்லுங்கோ, வாயால சொன்னதை எடுக்காதேங்கோ. முற்பணம் போடவே போடாதேங்கோ. அந்தரத்துக்கு எடுக்கிறதெண்டால் நேர கடைக்குப் போய், ஓட்டிக் காட்டச் சொல்லி எடுங்கோ. ஏமாந்தவை பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரில சொல்லலாம், பில்லையும் பேசின செய்திகளையும் அழிக்காமல் வைச்சிருங்கோ.

ஒட்டுற விசயம் சுருக்கமா: 0.6 வயர், ஆர்கனோட காபனீரொட்சைட்டு கலந்த காஸ் (தனிக் காபனீரொட்சைட்டு சூடு கூட), துருவும் நாகப் பூச்சும் போக மினுக்கின விளிம்பு, பின்னால செப்புத் தகடு. 25 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி வைச்சு, அங்கால இங்கால தாவித் தாவி, ஆற விட்டு இடையை நிரப்புங்கோ. பற்றரி மைனஸைக் கழட்ட மறக்காதேங்கோ. மிச்சம் பிறகு எழுதுறன், இப்ப மனம் ஓடேல்லை.

இண்டைக்குக் காலமை அதே வீடியோவைத் திரும்பப் போட்டிருக்கினம், இப்ப விலை 64,900. வெள்ளை ஒட்டு, பின்பக்கம் நீலக்கோடு, அதே வீடியோதான். கண்டால் காசு போடாதேங்கோ.