சாம்பல் தொப்பியும் நீலச் சட்டையும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஊர் ஊராகத் திரியும் முன்னாள் படைவீரன்: இந்த ஒரே கருவில் இரண்டு அமெரிக்கக் கௌபாய் தொலைக்காட்சித் தொடர்கள். ஏபிசி சேனலில் 1959 முதல் 1961 வரை 76 பகுதிகள் ஓடிய ‘தி ரெபெல்’, சிபிஎஸ்-ஸில் 1965-66இல் 26 பகுதிகளோடு நின்றுபோன ‘தி லோனர்’.

முதலாவதில் நிக் ஆடம்ஸ் நடித்த ஜானி யூமா, அடிமைமுறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற, சாம்பல் சீருடை அணிந்த தென்னகப் (தென் மாநிலங்களின்) படையின் ஆள். போர் முடிந்தும் அந்தச் சாம்பல் தொப்பியைக் கழற்ற மாட்டான். கையில் குட்டைத் துப்பாக்கி, கூடவே நாட்குறிப்பு. தலைப்புப் பாடலை ஜானி கேஷ் குரலில் கேட்டால் அவன் மீது பாசமே வந்துவிடும். எனக்கு உறுத்துவதும் அதுதான். தோற்றவனின் சோகம் திகட்டும் அளவுக்கு உண்டு. எதற்காகப் போரிட்டான், அடிமைமுறை என்ன ஆனது என்ற பேச்சு அரிது. இத்தனைக்கும் 1960இல்தான் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவகத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார்கள்.

எழுத்தாளர் ராட் செர்லிங் உருவாக்கிய இரண்டாவதில் நடிகர் லாயிட் பிரிட்ஜஸுக்கு, போரில் வென்ற வடக்குப் பக்கத்தின், அதாவது நீலச் சீருடைப் படையின், முன்னாள் குதிரைப்படைக் கேப்டன் வேடம். முதல் பகுதியிலேயே, அவமானப்படுத்தப்படும் கிழட்டுத் தென்னக வீரனுக்காக அவன்தான் எழுந்து நிற்கிறான். எதிரியாக இருந்தவன் மனிதனாகத் தெரிவது இங்கேதான். வசனம் சில இடங்களில் பிரசங்கம், சரி, அது செர்லிங் பழக்கம். பொழுதுபோக யூமா போதும்; ஒன்றுதான் பார்க்க நேரமென்றால் நான் ‘லோனர்’ பக்கம்.