‘சஸ்பென்ஷன் செட்டிங்’ என்ற பெயரில் வண்டியின் முன்பக்கத்தை இறக்கிக் கொடுத்தார்கள்: ஓர் எச்சரிக்கை

வளைவில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும். நேர்ச் சாலையில் வேகம் எடுத்தால் ஆடாமல் ஓட வேண்டும். இந்த இரண்டையும் கேட்டுத்தான், சஸ்பென்ஷன் வேலையில் கைதேர்ந்தவர்கள் என்று பலகை மாட்டியிருந்த ஒரு பட்டறையில் என் மோட்டார் சைக்கிளை விட்டேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே கைவேலையை யாரும் காட்டலாம் என்பதால், அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான முன் ஃபோர்க்குக்குப் புதிய ஸ்பிரிங், புதிய ஆயில், பின் ஷாக் அப்சார்பர் செட்டிங், ‘ஓட்டுபவர் எடைக்கு ஏற்ப முழு டியூனிங்’ என்று பில்லில் வரிசையாக எழுதியிருந்தார்கள். கடைசி வரி உறுத்தியது. என் எடை என்ன என்று யாரும் கேட்கவே இல்லை. வண்டியில் ஏறி உட்காரச் சொல்லவும் இல்லை. விசாரித்தால், “பார்த்தாலே தெரிந்துவிடும் தம்பி, எத்தனை வண்டி பார்த்திருக்கிறோம்” என்றார் உரிமையாளர். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டதாம்.

வண்டி அருமையாகத் திரும்பியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லேசாகச் சாய்த்தாலே உள்ளே பாய்ந்தது. ஏமாற்று பலிப்பதே இதனால்தான். பட்டறை வாசலிலிருந்து தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பவர் மகிழ்ந்துபோய்ப் பணத்தை எண்ணி வைத்துவிடுவார். வினை நெடுஞ்சாலையில்தான் தெரிந்தது. தார் ஒட்டுப்போட்ட ஓர் இடத்தை வேகமாகக் கடந்தபோது ஹேண்டில்பார் இடமும் வலமும் படபடவென்று உதறத் தொடங்கியது. இறுக்கிப் பிடிக்காமல், பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மெல்லக் குறைத்ததும் அடங்கியது. பக்கத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். முன் ஃபோர்க் குழாய்கள், அவற்றை மேல்முனையில் கவ்விப் பிடிக்கும் மேல் கிளாம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. முன்பு இரண்டும் கிளாம்பின் மட்டத்தோடு சமமாக இருந்தவை. அளந்தபோது இடப்பக்கம் 17 மி.மீ., வலப்பக்கம் 14 மி.மீ. இரண்டு குழாய்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. பின்னால் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரிலோடு வளையம் கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தது. அதன் பல்லில் ஸ்பேனர் வழுக்கிய புதுக்கீறல். வேலை மொத்தமும் இவ்வளவுதான்: கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, குழாய்களை மேலே தள்ளி முன்பக்கத்தை இறக்கியிருக்கிறார்கள், பின்பக்கத்தை ஏற்றியிருக்கிறார்கள்.

இதைச் செய்தால் ஏன் வேகமாகத் திரும்புகிறது, ஏன் ஆடுகிறது என்பது ரகசியமல்ல. முன்பக்கம் இறங்கினால் ஃபோர்க் நிற்கும் சாய்வுக் கோணம் குறைகிறது. அதோடு டிரெயில் என்ற அளவும் குறைகிறது. ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்தான் டிரெயில். சக்கரத்தை நேராக இழுத்து நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். சக்கர அச்சுகளுக்கு இடையே 1,400 மி.மீ. உள்ள வண்டியில் முன்பக்கம் 15 மி.மீ. இறங்கினால் கோணம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். டிரெயிலில் மூன்று நான்கு மி.மீ. போய்விடும். பின்பக்கத்தை ஏற்றினால் அதே திசையில் இன்னும் கொஞ்சம் போகும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் 2 மி.மீ., 3 மி.மீ. என்று மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள். போதாக்குறைக்கு, பிரிலோடை முழுவதும் முறுக்கியதால் என் பின்சக்கரத்துக்குக் கீழ்நோக்கி இறங்க இடமே இல்லை. பள்ளம் வந்தால் டயர் சாலையை விட்டு எழும்பிவிடும்.

திரும்பிப் போய்க் காட்டினேன். “வேகமாகத் திரும்ப வேண்டும் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் தம்பி, பழகிவிடும்” என்றார். அடுத்த மூச்சிலேயே, ஸ்டீயரிங் டேம்பர் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும் என்று அதற்கும் ஒரு விலை சொன்னார். நோயையும் கொடுத்து மருந்தையும் விற்கிற வியாபாரம்! டேம்பர் உதறலை அடக்கும், மறுக்கவில்லை. கோணலாக நிற்கும் ஃபோர்க்கை அது நிமிர்த்தாது.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கை வைத்தது ஸ்பேனரில் அல்ல, டயர் காற்றில். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஃபோர்க் மூடியைச் சுட்டிக்காட்டினார். தொழிற்சாலையில் மூடியும் குழாயும் சேரும் இடத்தில் இட்ட மஞ்சள் பெயிண்ட் கோடு, முறியாமல் நகராமல் அப்படியே இருந்தது. மூடியைத் திறக்காமல் ஸ்பிரிங்கை எப்படி மாற்ற முடியும்? படம் எடுத்துக்கொண்ட பிறகு என் முன்னாலேயே திறந்தார். வந்தது கருத்துப்போன சாம்பல் நிற ஆயில், வெளிச்சத்தில் இரும்புத்தூள் மினுமினுத்தது. ஸ்பிரிங்கும் வண்டியோடு வந்த பழையதுதான்.

அடுத்து, முன்னும் பின்னும் சக்கரத்தைத் தூக்கி சஸ்பென்ஷன் முழுதாக நீண்டு நிற்கும்போது ஓர் அளவு எடுத்தார். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அணிந்து நான் ஏறி உட்கார்ந்ததும் இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் எடைக்கு வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்பது. 120 மி.மீ. அசைவுள்ள சாலை வண்டிக்கு 30 முதல் 40 மி.மீ. வரை அமிழ்வது வழக்கம். பின் பிரிலோடைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அளந்தால் 50 மி.மீ.க்கு மேல் போனது. பின்பக்கம் தாழ்ந்து கிடந்ததால்தான் வண்டி முதலில் மந்தமாகத் திரும்பியிருக்கிறது. பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்ததும் ஒரு காரணம். பின் பிரிலோடை அளவாக ஏற்றி, டயரை மாற்றி, முன் ஆயிலைப் புதிதாக ஊற்றி, ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப் மட்டத்துக்கே இறக்கிவிட்டார். கிளாம்ப் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். அமிழ்ந்த ஸ்பிரிங் மீண்டு எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகை முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தார் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். இப்போது வண்டி கேட்டபடி திரும்புகிறது, உதறல் இல்லை.

ஆகவே சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள், ஃபோர்க் துருத்தி நிற்கும் அளவையும் பிரிலோடு வளையத்தின் இடத்தையும் ஃபோர்க் மூடியையும் விடுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். உங்களை உட்கார வைத்து அளக்காத இடத்தில் ‘எடைக்கு ஏற்ற டியூனிங்’ நடந்திருக்க வழியே இல்லை. முன்பக்கம் அமிழும் அளவு, பின்பக்கம் அமிழும் அளவு, ரீபவுண்ட் கிளிக் எண்ணிக்கை மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில்லையும் மஞ்சள் கோட்டின் படத்தையும் பட்டறைக்கு அனுப்பினேன். ஆயில் பணத்தை மட்டும் திருப்பித் தருகிறார்களாம், ஸ்பிரிங் விஷயத்தில் ‘பையன்கள் கவனிக்கவில்லை’யாம். முழுத்தொகையும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.