பொத்தான் அக்கார்டியன்: வரிசைக்கு ஒரு விரலா, இசை வாக்கியத்துக்கு ஏற்ற விரலா?

ரீயூனியன் தீவின் சேந்தாந்த்ரே ஊரில் எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு துருத்திகள். ஒன்று புதுச்சேரியிலிருந்து நான் கொண்டுவந்த ஆர்மோனியம். இன்னொன்று ஒன்பது வயது மகளின் பொத்தான் அக்கார்டியன். ரீயூனியனில் இது அன்னிய வாத்தியம் இல்லை. லூலூ பித்தூ போன்ற இந்தத் தீவுக் கலைஞர்கள் சேகா என்ற இங்கத்திய ஆட்ட இசையை வாசித்ததே அக்கார்டியனில்தான். எனக்குத்தான் அன்னியம். "அம்மா, இதுக்கு எந்த விரல்?" என்று அவள் கேட்டால், ஆர்மோனியத்தில் பழகிய கை எதுவும் உதவுவதில்லை.

முதலில் பொத்தான்கள் இருக்கும் விதம். பிரான்சில் புழங்கும் அமைப்புதான் இங்கும். நம் கட்டைக் கணக்கில் (ஒரு கட்டை என்றால் மேற்கத்திய C) சொன்னால், உள்ளங்கைப் பக்கம் இருக்கும் வெளி வரிசையில் ஒன்று, இரண்டரை, நாலரை, ஆறு. நடு வரிசையில் ஒன்றரை, மூன்று, ஐந்து, ஆறரை. துருத்தியை ஒட்டிய மூன்றாவதில் இரண்டு, நாலு, ஐந்தரை, ஏழு. பன்னிரண்டு சுரமும் இதிலேயே முடிந்துவிடும். பெரிய வாத்தியங்களில் வரும் நாலாவது, ஐந்தாவது வரிசைகள் முதல் இரண்டின் மறுபதிப்பு. ருஷ்யர்களின் பொத்தான் அக்கார்டியனான பயானில் பெரும்பாலும் வரிசைகள் எதிர்த்திசையில் சரியும். அவர்கள் வாசிக்கும் காணொளியைப் பார்த்து விரலைக் காப்பியடித்தால் வம்புதான்.

இனி எந்தப் பொத்தானுக்கு எந்த விரல் என்று முடிவு செய்யும் வழிகள். புத்தகத்தில் அச்சான எண்ணை அப்படியே பின்பற்றுவது ஒன்று. சோம்பேறிக்கு இது சௌகரியம், ஆனால் எண் எந்த விரலைக் குறிக்கிறது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. சில புத்தகங்களில் 1 என்றால் கட்டைவிரல். நாலு விரலால் மட்டும் வாசிக்கும் பழைய பழக்கத்தில் 1 என்றால் ஆள்காட்டி. நாங்கள் இரண்டையும் கலந்து ஒரு வாரத்தை வீணாக்கினோம். புத்தகம் எழுதியவருக்குப் பெரிய கை என்பது வேறு. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை போய்விட்டது.

இரண்டாவது, வரிசைக்கு ஒரு விரல். வெளி வரிசைக்கு ஆள்காட்டி, நடுவுக்கு நடுவிரல், உள்ளே மோதிர விரல். கட்டைவிரல் பலகை ஓரத்தில் சும்மா இருக்கும். ஒரு கட்டையில் சங்கராபரண ராகம் ஏறிப் பார்த்தால் ஆள்காட்டி, மோதிரம், நடு, மோதிரம், நடு, ஆள்காட்டி, மோதிரம், ஆள்காட்டி என்று வரும். ஒரே விரல் அடுத்தடுத்து இருமுறை வராது. குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில், சரளி வரிசை பழகும் ராகமான மாயாமாளவகௌளைக்குப் போனோம். ரியும் கவும் இரண்டுமே நடு வரிசை. நடுவிரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். இடையில் ஒலி அறுந்தது. தவும் நியும் இரண்டும் உள் வரிசை, அங்கே மோதிர விரல் தாவியது. சரளி வரிசையின் முதல் வரியே விக்கல் எடுத்த மாதிரி கேட்டது. (அக்கார்டியன் வரிசையும் சரளி வரிசையும் ஒரே சொல்லாக இருப்பதில் அவளுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.)

மூன்றாவது வழிக்கு நாலு வரிசையாவது வேண்டும். மாயாமாளவகௌளையின் ச ரி க ம, ப த நி ச இரண்டும் ஒரே இடைவெளி கொண்டவை. ச ரி க ம வாசிக்கும் கையின் வடிவத்தை அப்படியே ஒரு வரிசை உள்ளே தள்ளினால் ப த நி ச வந்துவிடும், மேல் ச நாலாவது வரிசையில். ஐந்து வரிசை இருந்தால் ஒரே விரல் வைப்பை வைத்துக்கொண்டு பன்னிரண்டு கட்டையிலும் சங்கராபரணம் வாசிக்கலாம். மூன்று வரிசைக்காரருக்கு அதற்கு மூன்று விதமான விரல் வைப்பு வேண்டும். ஆர்மோனியத்தில் சுருதி மாற்றினாலே கறுப்புக் கட்டைகளோடு மல்லுக்கட்டிய எனக்கு இதைக் கேட்டுப் பொறாமைதான் வந்தது. ஆனால் ஐந்து வரிசை வாத்தியம் ஒன்றை மடியில் வைத்துப் பார்த்தபோது அவள் விரல் உள் வரிசைகளுக்கு எட்டவில்லை. இப்போதைக்கு எங்களுக்கு மூன்றுதான்.

கடைசி வழி, அவளே கண்டுபிடிப்பது. நான் விரலைச் சொல்லாமல், "இதுக்கு அடுத்து கை எங்கே போகணும்?" என்று மட்டும் கேட்டேன். அவள் மாயாமாளவகௌளையின் முதல் பாதியைக் கட்டைவிரலில் தொடங்கினாள்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம். மவில் மோதிர விரல் உள் வரிசையில் இருக்கிறது; அதன் அடியில் ஆள்காட்டியை நுழைத்து நடு வரிசையின் பவைப் பிடித்தாள். அப்புறம் தவுக்கு நடு, நிக்கு மோதிரம். மேல் ச வெளி வரிசையில், நிக்கு நேர் எதிரே இருக்கிறது. குட்டையான சுண்டுவிரலுக்கு வெளி வரிசை கிட்டத்தான், அது அங்கேயே போய் உட்கார்ந்தது. தாவலே இல்லை. இதை நான் யோசித்திருக்க மாட்டேன்; ஆர்மோனியத்தில் சுண்டுவிரலை நான் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

ஆனால் முதல் நாளிலிருந்தே இப்படி விட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு விரலாக வாசித்திருப்பாள். வரிசைக்கு ஒரு விரல் என்ற விதி முதலில் கைக்கு ஒரு வீடு கொடுத்தது. அது விக்கிய இடத்தில்தான் தேட வேண்டியிருந்தது. மூன்று வரிசை வாத்தியத்துக்கு என் ஓட்டு இந்த இரண்டின் கலவைக்கு. கை வளர்ந்து நாலு வரிசை எட்டும்போது மூன்றாவது வழிக்கு மாறிக்கொள்ளலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாளில் இப்போது எண்களே கிடையாது. கை நகரும் இடத்தில், பவுக்கு மேலே, ஒரே ஒரு பென்சில் கோடு. அடுத்த வாரம் மூன்று கட்டையிலிருந்து வாசிக்கச் சொல்லப்போகிறேன். நடு வரிசையில் தொடங்கினால் அந்தக் கோடு எங்கே நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.